எந்தப் பெயரும் பொருந்தாதபோது

கிளைப்பேடா துறைமுகத்தில்
பழைய மீன் டப்பாத் தொழிற்சாலையின் இரண்டாம் மாடி.
ஏசி தேவையில்லை, ஜனவரி பார்த்துக்கொள்கிறது.
ஒரே ஒரு சர்வர்.
அதற்குள் ஒன்பது குடித்தனம்.

அகுவோனா பேக்கரி,
நெரிங்காவுக்குப் போகும் படகின் கட்டணம்,
ஒரு பல் மருத்துவர், ஒரு விவாகரத்து வக்கீல்
(இருவரும் ஒரே நீலம் கேட்டார்கள்),
பெண்கள் பாடகர்குழு, உருளைக்கிழங்கு ஏலம்,
ரமீபே ஈமச்சடங்கு நிலையம்.
மீதி இரண்டை யார் வைத்தது என்று எனக்கே தெரியாது.
அணைத்துப் பார்க்கப் பயம்.

தெருப்பக்கம் ஒரு கதவு, எண் நானூற்று நாற்பத்து மூன்று.
பக்கத்தில் பூட்டில்லாத பழைய கதவு, எண் எண்பது.
வருகிறவர் பெயர் சொல்ல வேண்டும்.
பேக்கரி என்றால் மூவாயிரத்து ஒன்று,
படகு என்றால் மூவாயிரத்து இரண்டு,
திருப்பிவிடுவது என் வேலை.
ஒருவர் அடுப்பெரிவது அடுத்தவருக்குத் தெரியாது.
எங்காவது ஒரு அரைப்புள்ளி விட்டுப்போய்
ஒன்பது வீட்டிலும் ஒன்றாக விளக்குப் போனால்
அப்போது தெரியும், கூரை ஒன்றுதான் என்று.

வியாழன் மாலை வேண்டாத வரிகளைக் களைந்தேன்.
ஈமநிலையத்தின் பழைய முகவரியும் அதில் போயிற்று.
புதியது இருக்கிறதே,
பழையதை யார் வந்து தட்டப்போகிறார்கள்?
சோதித்தேன். பிழை இல்லை என்றது.
பிழை இல்லைதான்.

சர்வருக்கு ஒரு பழக்கம் உண்டு.
தெரியாத பெயரோடு யார் வந்தாலும்
இல்லை என்று சொல்ல அதற்கு வாய் வராது.
பட்டியலில் முதலில் நிற்கிறவர் வீட்டுக்கு அனுப்பிவிடும்.
கோப்புகள் நிற்பதோ அகரவரிசையில்.
அகுவோனா என்றால் கசகசாப் பூ.
எங்கள் மொழியிலும் அதுதான் முதல் எழுத்து.

சனிக்கிழமை காலை ரிம்கவுதாஸ் கூப்பிட்டார்.
பின்னால் மாவு பிசையும் இயந்திரம் உறுமியது.
"ஷிவிலே, ஓர் ஆர்டர் வந்திருக்கிறது.
கேக்கின் மேல் என்ன எழுத வேண்டும் என்ற கட்டத்தில்
வாட்ஸ்லோவாஸ் என்று ஒரு பெயர்,
இரண்டு வருஷம், நடுவில் ஒரு கோடு.
எத்தனை பேருக்கு என்றால், ஒருவருக்கு.
என்றைக்கு என்றால், திங்கள்,
நேரம் நீங்கள் சொல்கிறபடி.
சுவை, எலுமிச்சை."
அப்புறம் அவர் பேசவில்லை.
இயந்திரத்தை நிறுத்திவிட்டார் போலும்.

லாகைத் திறந்தேன்.
அதிகாலை இரண்டு ஐம்பத்தொன்று, எண்பதாம் கதவு.
பழைய முகவரியைக் கேட்டிருக்கிறார்.
ரொட்டிப் படங்களுக்குக் கீழே நாற்பது நிமிடம்.
தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறதென்று
மூன்று முறை படிவம் திருப்பி அனுப்பியிருக்கிறது.
மூன்று முறையும் எல்லாக் கட்டத்தையும்
முதலிலிருந்து நிரப்பியிருக்கிறார்.

நான்காம் முறை சரியாக எழுதிய எண்ணை அழைத்தேன்.
லியொங்கினா என்றார்.
என் தவறு என்றேன்.
பெயர், கதவு, பட்டியல், முதலில் நிற்கிறவர்
என்று எதையோ உளறினேன்.
பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:
"சாப்பாட்டுக்குக் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன்.
எலுமிச்சை அவருக்குப் பிடிக்காது.
ஆனால் சாக்லேட் போட்டால்
கொண்டாட்டம் மாதிரி இருக்குமே."

பழைய முகவரியை மறுபடி எழுதினேன்.
எல்லாவற்றுக்கும் முன்னால்,
பெயர் பூஜ்ஜியத்தில் தொடங்கும்படி, ஒரு கோப்பு.
தெரியாதவர் வந்தால் பேசாமல் கதவைச் சாத்து.
சேமிக்கும் முன் அந்த வரியை அழித்தேன்.
இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை,
யாரைத் தேடுகிறீர்கள் என்று போட்டு
என் எண்ணைக் கொடுத்தேன்.
இதுவரை மூன்று அழைப்பு.
மூன்றும் உருளைக்கிழங்கு விலை.

திங்களன்று ரிம்கவுதாஸ்
எதுவும் எழுதாத ஒரு கேக்கைத் தானே கொண்டுபோனார்.
என்ன சுவை என்று நான் கேட்கவில்லை.
பில் போடாததால்
மூவாயிரத்து ஒன்றில் அந்த ஆர்டர் மட்டும்
தயாராகிறது, தயாராகிறது என்று
இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.