எடை

யூனியன் பிளேஸ், ஐந்தாம் மாடி. ஏசிக் குளிர்.
தராசின் ஒரு தட்டில் பழைய காசு,
மறு தட்டில் அதே கனத்துக்குத் தேயிலை.
ஆறு நிமிசம். மணி அடிக்கும்.
விஜேகோன் மாத்தயா சர்ரென்று உறிஞ்சி
கன்னத்துக்குள் உருட்டித் துப்புவார்.
"நிறமிருக்கு, காரமில்லை."
ஒருத்தன் எழுதிக்கொள்வான்.
துப்பல் தொட்டியைத் தள்ளிக்கொண்டு
பின்னாலேயே நான்.

லொட் நானூற்றுப் பன்னிரண்டு
எங்கள் டிவிசன். பார்த்தேன், சொல்லவில்லை.

நேற்று ராத்திரி போனில் தங்கச்சி பவளரதி:
மழையாம். பதினெட்டுக் கிலோ எடுத்தாளாம்.
கொழுந்தில் ஈரமென்று ரெண்டு கிலோ வெட்டி
அரைப்பேர்தான் போட்டானாம் கணக்கப்பிள்ளை.

சாயங்காலம்
தொட்டியைக் கக்கூஸ் குழியில் சாய்க்கிறேன்.
இடுப்பு விட்டுப்போகிற பாரம்.
இந்தத் தண்ணியை
யாரும் நிறுப்பதில்லை.