இரண்டரைக் கிலோ

நீரோடி தாண்டுவதற்குள்
கைபேசி மூன்று முறை மாநிலம் மாறியது.
கத்தாரிலிருந்து வந்த தூண்டில் கம்புக்கு
முன்சீட்டு.
பின்னால் நானும் பிள்ளைகளும்,
மடியில் அவித்த மரச்சீனி,
காலிடையே வாளியில் உயிர் இறால்.

பொழி முறிந்து மூன்று நாள்.
நெய்யாறு கலங்கலாய்க் கடலில் விழும் இடத்தில்
காவிக்கும் பச்சைக்கும் நடுவே ஒரு கோடு.
"இஞ்சதான் கொடுவா கெடக்கும்" என்றான் ஜெர்வாஸ்.
போட்டான். பாசி.
போட்டான். கெளுத்தி.
போட்டான். ஊதிப் பெருத்த பேத்தை ஒன்று
எங்களைப் பார்த்துப் பல்லை நறநறத்தது.
ஆல்வினுக்கு அதுவே போதும், வீட்டுக்குப் போகலாம் என்றான்.

கம்பை என்னிடம் தந்துவிட்டு
ஜெர்வாஸ் பாறைக்குப் பின்னால் ஒதுங்கிய நேரம்
சுருள் அலறியது.
"விடு! விடாத! தளர்த்து! இழு!"
நிஜார் நாடா கட்டாமல் ஓடிவந்தவன் சொன்னதில்
ஒன்றையும் நான் கேட்கவில்லை.
மணலில் குதிகாலை ஊன்றினேன்.
பிரசவ அறையிலும் இப்படித்தான்
ஆளாளுக்குக் கத்தினார்கள்.

வெள்ளித் தகடாய்ப் புரண்டு கரையேறியது.
இரண்டரைக் கிலோ.
மெர்லின்தான் முதலில் கண்டாள்:
கடைவாயில் எங்கள் முள்ளுக்குப் பக்கத்தில்
இன்னொரு முள், துருவேறி,
ஒரு சாண் தங்கூசியோடு.

"எவன்கிட்டயோ அறுத்துட்டு வந்திருக்கு."
திரும்பும் வழியில் அவன் பேசியது அவ்வளவுதான்.

பூவாரிலோ கொல்லங்கோட்டிலோ ஒரு வீட்டில்
இந்நேரம் சோறு ஆற, யாரோ
கைகளை விரித்து
இதன் நீளத்தைக் காட்டிக்கொண்டிருப்பார்.
அங்கே இது
பத்துக் கிலோ தாண்டியிருக்கும்.