அந்த ஒரு பார்வை

எலாடியோ கோவுத்தோ குதித்தது உண்மை.
ஜனவரி மாதம், காலை பத்தே கால்,
மீன் ஏலம் முடிந்து பெட்டிகளில் ஐஸ் உருகும் நேரம்.
முரோஸ் துறைமுகத்தின் டீசல் மிதக்கும் நீரில்
சிவப்புக் குல்லாய் போட்ட ஏழு வயதுப் பையன்
அமிழ்ந்துகொண்டிருந்தான்.
இதில் எல்லாம் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

நான் சொல்வது
அதற்கு முந்தைய நொடியைப் பற்றி.
கோட்டைக் கழற்றினார்.
அதை மடித்து வேறு வைத்தார், கவனியுங்கள்.
பிறகு திரும்பி எங்களைப் பார்த்தார்.
முப்பது பேர் இருந்தோம்.
எண்ணினாரோ என்னவோ,
அப்புறம்தான் குதித்தார்.

நகராட்சி பதக்கம் கொடுத்தது.
"யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள்" என்று
தரையைப் பார்த்துச் சொன்னார்.
பணிவுக்கும் ஒரு நிலைக்கண்ணாடி இருக்கிறது போல,
பழகிவிட்டு வந்திருக்கிறார் என்றேன்
பக்கத்து நாற்காலி ஸொய்லாவிடம்.
அவள் சிரித்தாள்.
சிரித்ததால் மறுநாளும் சொன்னேன்.

பத்தொன்பது வருடம் சொன்னேன்.
மதுக்கடையில், சலூனில், சாவு வீட்டில்.
குரலைத் தாழ்த்தித்தான் சொல்வேன்:
நல்ல மனிதர், குறை சொல்லக்கூடாது,
ஆனாலும்...
அந்த 'ஆனாலும்' சோம்பு மிட்டாய் மாதிரி,
கடிக்காமல் நெடுநேரம் வைத்திருக்கலாம்.

இலவசக் காப்பியை இரண்டு முறை மறுத்தார்,
மூன்றாம் முறை வாங்கிக்கொண்டார்.
குறித்துக்கொண்டேன்.
தேர்தலில் நிற்கச் சொன்னார்கள்.
நின்றிருந்தால், இதற்குத்தான் குதித்தார் என்றிருப்பேன்.
நிற்கவில்லை.
நிற்காத பெருமைக்காகக் குதித்தார் என்றேன்.

பிழைத்த பையன் பிராய்ஸ்
இன்று தாடி வைத்துச் சிப்பிப் படகு ஓட்டுகிறான்.
அவனிடமும் சொன்னேன், அந்தப் பார்வையை.
"எவ்வளவு நேரம் பார்த்தார்?"
ஒரு நொடி.
"எனக்குத் தெரியாது. காதெல்லாம் தண்ணீர்" என்று
கயிற்றுச் சிக்கலை எடுக்கப் போய்விட்டான்.

போன செவ்வாய், சுகாதார நிலையம்.
இரத்த அழுத்தம் பார்க்க வந்தவர்
என் பக்கத்தில் உட்கார்ந்தார்.
மழையைப் பற்றிப் பேசினோம்.
பிறகு அவராகவே,
நேரம் கேட்கிற குரலில் சொன்னார்:
"அன்றைக்கு நான் உன்னைத்தான் பார்த்தேன்.
மிதவை வளையம் தொங்கிய கம்பத்தில்
நீதான் சாய்ந்து நின்றாய்.
எடுத்து எறிவாய் என்று நினைத்தேன்.
எனக்கு நீச்சல் அவ்வளவாக வராது."

செவிலி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.
எழுந்தார், கோட்டைக் கழற்றி
மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார்.

ஆரஞ்சு வளையம்.
அதன் ஈரக் கயிறு என் முழங்கையில் உரசியது.
சந்தியாகோவில் வாங்கிய புதுத் தோல் காலணி,
அறுபத்திரண்டு யூரோ,
முன்னால் தேங்கிய மீன் கழுவிய தண்ணீர்.
இரண்டு எட்டு வைக்க வேண்டியிருந்தது.
இத்தனையும் எனக்கு நினைவிருந்தது.
சொல்லும்போது மட்டும்
நான் எங்கே நின்றேன் என்பது
கதையில் வராது.

கோட்டைப் பார்த்தபடி
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
அவர் வெளியே வருமுன் கிளம்பிவிட்டேன்.

இதோ, உங்களிடம் எல்லாம் சொல்லியாகிவிட்டது.
ஒன்றையும் மறைக்கவில்லை.
சொல்லி முடிக்கும்போதே
உள்ளே ஒருவன்
மெல்லத் திரும்பி
எத்தனை பேர் கேட்கிறீர்கள் என்று
எண்ணிக்கொண்டிருக்கிறான்.