ஓடு

நான் வரைவது அரைப்பானை.
நடுவே ஒரு நெட்டுக்கோடு;
இடப்பக்கம் அறுத்த முகம், வலப்பக்கம் வெளித்தோற்றம்.
விளிம்பில் மூன்று விரல் அகலம் கிடைத்தால் போதும்,
வட்ட அட்டையில் பொருத்தி
வாய் பதினெட்டு சென்டிமீட்டர் என்று சொல்லிவிடுவேன்.
முழுப்பானை ஒன்றை இதுவரை வரைந்ததில்லை.
கூலியும் ஓட்டுக்கு இவ்வளவு என்றுதான்.

சீர்காழிக்குக் கிழக்கே, கடலுக்கு இரண்டு கல்.
பக்கிரிசாமியின் மூன்று மா.
மேட்டூர் திறப்பதற்குள் மூடித் தந்துவிடுவதாகப் பேச்சு.
தினமும் வரப்பில் வந்து நிற்பார்.
குழிக்குள் எட்டிப் பார்க்கமாட்டார்,
"எத்தினி நாளு?" என்பார், அவ்வளவுதான்.
ஒன்பதடியில் ஊற்று.
டீசல் எஞ்சின் இறைக்க இறைக்க
ஆறு கீழ்வழியாக வந்துகொண்டிருந்தது.

பானைக்கு ஆயுள் ஒரு வருஷம், மிஞ்சினால் இரண்டு.
உடைந்தபிறகு அதற்குப் பேர் ஓடு.
தமிழில் அது கட்டளையும்கூட;
கேட்டு நடந்திருக்கிறது.
யூப்ரடீஸ் கரையில்
கூலித் தானியம் வாங்கிய சொரசொரப்புக் கிண்ணங்கள்
குப்பைமேட்டில் ஆயிரம் ஆயிரமாய்.
நைல் கரையில்
வரி கட்டியவன் ரசீதை உடைந்த குடத்தில் எழுதி வாங்கினான்.
ஏதென்ஸில் சில்லில் பேரைக் கீறி
பிடிக்காத ஆளை ஊரைவிட்டே அனுப்பினார்கள்;
ஓட்டில்தான் ஓட்டுப் போட்டார்கள்.
இதெல்லாம் பரீட்சைக்குப் படித்தது.
பரீட்சையில் தேறவில்லை. இது மட்டும் தங்கிவிட்டது.

தையல்நாயகிக்கு ஓடு கழுவும் வேலை.
அன்னக்கூடை, தேய்ந்த பல் பிரஷ், இரண்டு வாளி.
கறுப்பு சிவப்பு ஒரு சாக்கு,
உருளைப்பல் கொத்திய சாம்பல் நிறம் இன்னொரு சாக்கு.
சந்தேகம் வந்தால் நாக்கில் வைப்பாள்.
ஒட்டினால் உள்ளூர்.
ஒட்டாவிட்டால் "அசலூரு சார்" என்று
தட்டில் தனியே வைப்பாள், விருந்தாளியை உட்கார வைப்பதுபோல.

அன்று வந்ததும் அசலூர்.
எரிமலைக் கருமணல் மினுக்கும் மண்.
இரண்டு காதுடன் தேறல் சுமந்து
கப்பலேறி வந்த ஜாடியின் வயிறு.
ஆனால் யாரோ அதைக் கல்லில் உரசி
வட்டமாக்கியிருந்தார்கள்,
உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில்.
பதிவேட்டில் எழுதினேன்:
எண் நானூற்றுப் பதினேழு.
பயன்: மூடி? எடை? தேய்ப்பான்?
மூன்று கேள்விக்குறியும் என்னுடையவை.

சாப்பாட்டு நேரம். எஞ்சின் நின்றிருந்தது.
நாளை வெட்டப்போகும் இடத்தில் ஆணி அடித்து
நூல் கட்டி வைத்திருந்தோம்,
நாலுக்கு நாலு, பதினாறு கட்டம்.
தூக்குவாளியை மூடிவிட்டு எழுந்தாள்.
ஐம்பது வயது, வலது முட்டி மழைக்கு முன்பே வலிக்கும்.
இடது கையில் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு
நானூற்றுப் பதினேழை
மூன்றாவது கட்டத்துக்கு வீசினாள்.

பதறி எழுந்தேன், வாயில் சோறு.
நொண்டி நொண்டி அவள் போனாள்,
ஒன்று,
இரண்டு,
குனிந்து எடுத்து, அதே காலில் திரும்பி,
நூலில் கட்டைவிரல் பட்டது.

"அவுட்டு" என்றாள்.
யாரும் பார்க்கவில்லை என்றே நினைத்திருப்பாள்,
ஆனாலும் ஆட்டத்தை விட்டுக்கொடுத்து வெளியே வந்தாள்.
சில்லை மறுபடி கழுவி
துடைத்துத் தட்டில் வைத்தாள், எண் மேலே தெரியும்படி.

நானும் ஒன்றும் கேட்கவில்லை.
பென்சிலைச் சீவிக்கொண்டேன்.
கை வழக்கம்போல் நடுக்கோடு போடப் போனது,
பாதியில் நிறுத்தினேன்.
பாதி என்று இதில் எதைச் சொல்வது?
ஜாடிக்குத்தான் இது மிச்சம்.
முழுசாக வரைந்தேன், சுற்றிலும்.
வரையும்போதுதான் கண்ணில் பட்டது:
முக்கால்வாசி விளிம்பு வழவழவென்று இருக்கிறது,
கால்வாசியில் உரசல் பாதியில் நிற்கிறது.
பொறுமை இல்லாத கை.
அல்லது வெளியே
ஆட்டம் தொடங்கிவிட்டிருந்தது.