பென்சில் புள்ளி

சத்தியம் செய்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.
மொபைல் நகரத்து நீதிமன்றம், ஆகஸ்ட் மாதம்,
கூரை விசிறி திக்கித் திக்கிச் சுற்றியது.

பெயர்: வர்னா ஹாலிங்ஸ்வர்த்.
வேலை: குழாய்ப் பணியாளர் உரிம வாரியத்தில் எழுத்தர்,
பதினேழு வருடம்.
ஆம், விண்ணப்பத்தில் புகைப்படம் கட்டாயம்.
ஆம், வலது மேல் மூலையில் அந்தப் புள்ளி
நான் வைத்ததுதான்,
படத்தில் முகம் கறுப்பாக இருந்தால்.
பென்சில்தானே, அழித்தால் போய்விடும் என்றார்கள்.

போகவில்லை.
அட்லாண்டாவிலிருந்து வந்த பெண் வக்கீல்
தாளைச் சாய்த்து
ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார்:
அழித்த இடத்தில் அம்மைத் தழும்பு போல
ஒரு பள்ளம்.
நாற்பத்தொரு தாள்.
நாற்பத்தொரு பள்ளம்.

எழுத்துத் தேர்வில் லூஷியஸ் பிரூவிட் எடுத்தது தொண்ணூற்றாறு.
வாய்மொழித் தேர்வில் 'தகுதி போதாது'.
என்ன கேட்டார்கள் என்று எனக்குத் தெரியும்,
அந்த அறைக்கதவு சரியாக மூடாது.
"ஒழுகும் குழாயில் எத்தனை சொட்டு?"
கேட்டுவிட்டு அவர்களே சிரித்தார்கள்.
அவர் சிரிக்கவில்லை.
"எந்த அழுத்தத்தில், ஐயா?"

மூன்றாம் வரிசையில் அவர் இருந்தார்.
பார்க்காமலே பதில் சொன்னேன்.
எங்கள் வீட்டு அடைப்பை எடுத்தவர் அவர்;
ரசீது டன்லப் பெயரில்,
கூலியில் பாதியும் டன்லப்புக்கு,
உரிமம் டன்லப்பிடம் இருந்ததால்.
இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.
கேட்காததைச் சொல்லக் கூடாதாம்.

நவம்பரில் தீர்ப்பு.
வாரியத்துக்கான படியை நானே தட்டச்சு செய்தேன்.
புகைப்படம் நீக்குக.
வாய்மொழித் தேர்வை ஒழிக்க.
மனுதாரருக்கு முப்பது நாளில் உரிமம் தருக.
இழந்த பதினோரு வருடக் கூலிக்கு
ஒரு பக்கம் முழுக்க 'விலக்குரிமை' என்ற சொல்;
உறுப்பினர் எவரும் தம் பணத்தில் தர வேண்டியதில்லை.
பெயரளவு இழப்பீடு: ஒரு டாலர்.
மற்ற நாற்பது பேர்
மீண்டும் விண்ணப்பிக்கலாம்.

கடிதம் அனுப்ப விலாசம் தேடினேன்.
ஆறு பேர் இறந்திருந்தார்கள்.
ஒருவர் டெட்ராய்ட்டில் பஸ் ஓட்டுகிறார்.

இருபத்தொன்பதாம் நாள்
லூஷியஸ் பிரூவிட் கவுண்டருக்கு வந்தார்.
ஒரு டாலர் காசோலையைக் கையில் கொடுத்தேன்.
உரிமக் கட்டணம் பன்னிரண்டு டாலர் என்றேன்.
விதி அப்படி.
எண்ணி வைத்தார், பாதி சில்லறையாக.

ரசீதில் பெயர் எழுதப் பேனாவை எடுத்தேன்.
"அழுத்தி எழுதுங்கள்," என்றார்,
"கார்பன் தாண்டிக் கடைசித் தாள்வரை
பதியட்டும்."