தராசு அணைந்திருந்தபோது

மாத்திரைச் சீட்டின் அடியில்
டாக்டரம்மா தமிழிலேயே எழுதியிருந்தார்:
'மெதுவாகச் சாப்பிடவும்.'
நூற்று அறுபதுக்கு நூறு என்று காட்டிய கருவியை
என் புஜத்திலிருந்து அவிழ்த்தபடி
என்ன வேலை என்று கேட்டார்.
ராயக்கோட்டை தக்காளி மண்டியில் கணக்கு என்றேன்.
அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

மூச்சை எண்ணிப் பார் என்றான் மச்சான்.
எண்ணினேன்.
ஏழு வரைக்கும் மூச்சாகத்தான் இருந்தது,
எட்டில் பெட்டியாகிவிட்டது.
எட்டுப் பெட்டி, பெட்டிக்கு இருபத்தைந்து கிலோ,
கமிஷன் போக, ஏற்றுக்கூலி போக,
வீட்டுக்கடன் தவணை போக.
கண்ணைத் திறந்தால்
முன்னைவிட வேகமாக அடிக்கிறது நெஞ்சு.

இன்றைக்கு விடிகாலை ஐந்து பத்துக்குக் கரண்டு போனது.
ஏலம் விடும் மாதையனின் மைக்
'நூத்தி எண்...' என்பதோடு நின்றது.
தராசின் சிவப்பு எண்கள் அணைந்தன.
எண் இல்லாத மண்டியைப்
பதினோரு வருடத்தில் நான் பார்த்ததில்லை.

கை முதலில் செல்போனைத்தான் தேடியது,
விலை பார்க்க.
எங்கே விலை?
விலை சொல்கிறவரே
இருட்டில் தீப்பெட்டி தேடிக்கொண்டிருந்தார்.

லாரித் தார்ப்பாயிலிருந்து பனி சொட்டிற்று.
ஸ்டேஷன் பக்கம் ஒரு சரக்கு வண்டி
நெடுநேரம் போய்க்கொண்டே இருந்தது.
வானம் வெளுக்க, கோட்டை மலை தெரிந்தது.
எப்போதும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

உத்தனப்பள்ளி கெம்பம்மா
தன் பெட்டிமேலேயே உட்கார்ந்திருந்தாள்.
ஒரு பழத்தை எடுத்து முந்தானையில் துடைத்து
'தின்னு சாமி, எப்படியும் வெலயா போவுது' என்று நீட்டினாள்.

பதினோரு வருடம் தக்காளியை எழுதியிருக்கிறேன்.
ரசத்தில் விழுங்கியிருக்கிறேன்.
இது வேறு.
தோல் முதலில் சம்மதிக்கவில்லை,
பிறகு ஒரேயடியாகச் சம்மதித்தது.
இரவெல்லாம் கொல்லையில் கிடந்த குளிர்
அப்படியே உள்ளே இருந்தது.
நாக்கின் ஓரத்தில் புளிப்பு,
இனிப்பா என்று யோசிப்பதற்குள்
உப்பு மாதிரி ஏதோ ஒன்று.
சாறு முழங்கை வரை ஓடிற்று, விட்டுவிட்டேன்.
காம்பு கிள்ளிய இடத்தில் செடியின் வாசம்,
பச்சையாய், கொஞ்சம் முரட்டுத்தனமாய்.
மென்றேன். அது தீரவில்லை. மறுபடியும் மென்றேன்.
எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள்,
தராசு அணைந்திருந்தது.

'மொதமொதல்ல பாக்குறவனாட்டம் திங்கிறியே'
என்று சிரித்தாள் கெம்பம்மா.
அவளுக்கு இன்று நாற்பது பெட்டி.

கரண்டு வந்தது.
மாதையன் தொண்டையைச் செருமிக்கொண்டு
'நூத்தி அறுவது' என்றார்.
பதினோரு நிமிடத்தில் இருபது ரூபாய் இறங்கியிருந்தது.
என் ரத்தத்தின் எண்ணும் அதுவேதான்,
சிரிப்பு வரவில்லை.
கெம்பம்மாவின் சீட்டை நான்தான் எழுதினேன்:
நாற்பது பெருக்கல் நூற்று அறுபது, கழித்தல், கழித்தல்.
அவள் மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு
பஸ்ஸுக்குப் போனாள்.
ஒரு பழத்தின் ருசி
அவள் நஷ்டத்தில் ஒரு ரூபாயையும் குறைக்கவில்லை.
அந்த ஒரு பழத்தை
எந்தப் பத்தியில் எழுதுவது என்றும் எனக்குத் தெரியவில்லை.
பேரேட்டில் அவள் பெயருக்குப் பக்கத்தில்
ஒரு விதை ஒட்டிக் காய்ந்திருந்தது.
சுரண்டிப் போடவில்லை.

ஒன்பது மணிக்கு நாகவேணி போன் செய்தாள்.
'மாத்திரை போட்டாச்சா?'
'ஆச்சு.'
'ஏதாச்சும் சாப்ட்டீங்களா?'
'ஒரு தக்காளி.'
'ஒரே ஒரு தக்காளியா?'
'ஆமா. முழுசா.'

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
குக்கர் விசில் கேட்டது.
எத்தனாவது விசில் என்று நான் எண்ணவில்லை.