பற்றுச்சீட்டு இல்லாத செலவுகள்

ஸ்காபரோவில், மார்க்கம் வீதிப் பக்கத்து நூலகத்தில்
ஒருவருக்கு ஒரு மணிநேரம்தான் கணினி.
வெளியே பனி அள்ளும் வண்டி
பின்னால் வந்து பின்னால் வந்து கத்துகிறது.
பாண் பேக்கரியில் இரவு வேலை முடித்து
மா படிந்த சப்பாத்தோடு வந்திருக்கிறேன்.

ஒரு காலத்தில் நான் ஒப்புநோக்குநர்.
மரண அறிவித்தலில் ஒரு கொம்பு தவறினாலும்
ஆசிரியர் பேனாவை மேசையில் எறிவார்.
யுத்த காலம்.
நிறையக் கொம்புகள்.

இப்போது ஒட்டாவாவில் உள்ள ஒரு நிதியத்தின்
பதினான்கு பக்கப் படிவம்.

கேள்வி நான்கு: பணியாளர் எத்தனை பேர்?
இருவர் என்று எழுதினேன். அழித்தேன்.
ஒன்றரை.
நிரோஜன் முழுநேரம்.
திலகவதி அரைநேரம்,
மற்ற அரைநேரம்
விசாரணைக்குப் போய் வருகிறாள்.

கேள்வி ஏழு: ஆபத்துகளும் தணிப்பு நடவடிக்கைகளும்.
"நிருபர் தினமும் வேறு வீதியால் வீடு திரும்புவார்."
எழுதிய பிறகுதான் யோசித்தேன்,
அந்த ஊரில் இருப்பதே இரண்டு வீதி.
ஒன்றில் முகாம்.

கேள்வி ஒன்பது: அளவிடக்கூடிய பயன்கள்.
கிணறு வெட்டிய இடத்தில்
எலும்பு வந்ததை எழுதினோம்.
மறுநாள் கிணற்றைச் சுற்றித் தகரம் அடித்தார்கள்.
நாற்பது அடித் தகரம்.
அளக்க முடிந்தது அது ஒன்றுதான்.

பக்கத்துக் கணினியில் இஹ்சான்.
சூடான்காரி. கையுறையைக் கழற்றாமலே தட்டச்சு செய்கிறாள்.
கட்டடம் போய், கோபுரம் போய்,
அவளுடைய வானொலி நிலையம் இப்போது
யாரோ ஒருவனின் முதுகுப்பை.
அவளுக்கும் இதே நிதியம்,
இதே வெள்ளிக்கிழமை, இதே ஐந்து மணி.
இந்தத் தரம் ஒருவருக்குத்தான் கொடுப்பார்கள்.
அது இரண்டு பேருக்கும் தெரியும்.

தெரிந்துகொண்டே கேட்டாள்,
உன் கணக்கைக் காட்டு என்று.
பெற்றோல் வரியில் விரலை வைத்தாள்:
"ஒரு சைபரை விட்டுவிட்டாய்."

நான் அவளுடைய பக்கத்தைப் பார்த்தேன்.
நிலையப் பொறுப்பாளரைப் பற்றிய பந்தியில்
எல்லாம் நிகழ்காலம், ஒரு வினை மட்டும் இறந்தகாலம்.
பழக்கதோஷம்,
"இருந்தார்" என்பதை "இருக்கிறார்" என்று மாற்றப் போனேன்.
வேண்டாம் என்றாள்.
அது பிழை இல்லை, மற்றதெல்லாம்தான்
போன மாதம் எழுதியது என்றாள்.
விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தேன்.

எல்லாச் செலவுக்கும் பற்றுச்சீட்டு இணைக்கவும்,
தடித்த எழுத்தில்.
போத்தலில் அளந்து விற்ற பெற்றோலுக்கு
யார் சீட்டுத் தருவார்?
தகவல் தந்த மீனவர் பெயர் எழுத மாட்டார்.
பெயர் கேட்காததால்தான் தகவலே தந்தார்.
நிரோஜனின் தொலைபேசியை உடைத்தவர்கள்
கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகவில்லை.

அவனுடைய குரல் பதிவு காலையில் வந்தது.
பின்னால் நாய் குரைக்கிறது, மழை.
"அக்கா, காசு வராட்டிலும் பரவாயில்லை.
தகரத்துக்கு முதல் எடுத்த படத்தை
ரெண்டு இடத்தில வைச்சிருங்கோ."
மூன்று இடத்தில் வைத்தேன்.
மூன்றாவது எங்கே என்று அவனுக்கும் சொல்லவில்லை.

நாலு ஐம்பதுக்கு இஹ்சானின் திரை பூட்டிக்கொண்டது.
என்னுடையதில் ஒன்பது நிமிடம் மிச்சம்.
என் படிவத்தை அனுப்பிவிட்டுக்
கதிரையை அவள் பக்கம் தள்ளினேன்.
நல்லவள் என்று எழுத வேண்டாம்,
என்னுடையது முதலில் போய்விட்டது.

"உங்கள் விண்ணப்பம் கிடைத்தது.
இந்த மின்னஞ்சலுக்குப் பதில் அனுப்ப வேண்டாம்."

இருட்டிவிட்டது.
காசு அனுப்பும் கடையில்
கண்ணாடிக்கு உள்ளே பெடியன்
தலை நிமிராமல் கேட்டான்.
எவ்வளவு?
எண்பது டொலர்.
காரணம்?
குடும்பச் செலவு.
உறவு?
தம்பி.

சீட்டை அச்சடித்து நீட்டினான்.
இந்த ஒரு செலவுக்கு
என்னிடம் பற்றுச்சீட்டு இருக்கிறது.

நான் வீட்டில் ஒற்றைப் பிள்ளை.
பஸ் தரிப்பிடத்து வெளிச்சத்தில் சீட்டைப் பிடித்து
எழுத்தெழுத்தாக இரண்டு தரம் வாசித்தேன்.
திருத்த ஒன்றுமில்லை.